தண்ணீர் கட்டிப் பார்த்த படகு

படகை மூன்றாவது முறை சுற்றி வந்தும் அருள்மொழிக்கு அதில் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. கத்தரிக்காய் என்றால் காம்பைப் பார்ப்பாள். கறவை மாடு என்றால் மடியைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள். கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், உப்பனாற்றுச் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்த இந்தச் சின்ன ஃபைபர் படகு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வாயைத் திறக்கவில்லை. நீலப் பெயின்ட் வெயிலில் வெளுத்து, தொட்டால் விரலில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. ஒட்டுப் போட்ட இடங்களில் மட்டும் நீலம் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. அப்படி எத்தனை இடங்கள் என்று எண்ண ஆரம்பித்து, பயந்து நிறுத்திக்கொண்டாள்.

"மாடு வாங்குனா பல்லப் புடிச்சிப் பாக்கலாம். இதுக்கு எதடா புடிச்சிப் பாக்கறது?" என்று தம்பியிடம் கேட்டாள். பழனிவேல் அந்த ஐஸ் கம்பெனியில்தான் லோடு ஏற்றுகிறான். படகு விலைக்கு இருப்பதாகப் போன் செய்து அவளைக் கடலூருக்கு வரவழைத்தவன் அவன்தான்.

படகின் சொந்தக்காரர் சாமிக்கண்ணு சிரித்தார். "விவசாயம் பண்றவங்களா? படகுல நாத்து விடப் போறீங்களா?"

"ஆத்தத் தாண்டணுங்க."

"எந்த ஆறு?"

"கொள்ளிடம்."

"அட போம்மா. சுனாமி முடிஞ்சி குடுத்த படகு இது. கடல எல்லாம் பாத்துட்டு வந்து குந்திக்கினு இருக்குது. கொள்ளிடம் இதுக்கு வாய்க்கா மாதிரி." அவர் காலால் படகின் விளிம்பைத் தட்டினார். "வயசாயிடுச்சி, இல்லன்னு சொல்லல. கொஞ்சம் வேல பாக்கணும். எடுத்துக்கினு போயி நல்லா பாருங்க. புடிக்கலன்னா இந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க, நானே வந்து தூக்கிக்கறேன். ஆனா நான் குடுத்தா மாதிரியே இருக்கணும்."

கன்றுக்குட்டி ஒன்றின் விலைதான் கேட்டார். இவ்வளவு மலிவாக வருவது எதுவும் நல்லதாக இருக்காது என்று அருள்மொழிக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினாள். அவள் மனசுக்குள்ளே இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். இது தேறாது, விட்டுவிட்டுப் போ என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். அவளை அருள்மொழிக்குப் பிடிக்கவில்லை. போன ஆடியிலிருந்துதான் அவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கீழத்திட்டு என்பது அவர்கள் ஊர். சிதம்பரத்திலிருந்து வல்லம்படுகை தாண்டி உள்ளே போக வேண்டும். ஒரு பக்கம் கொள்ளிடம், இன்னொரு பக்கம் பழைய கொள்ளிடம், நடுவே முல்லைத் தோட்டமும் கத்தரிக் கொல்லையுமாக ஒரு துண்டு மண். ஊரை வெளியுலகத்தோடு சேர்ப்பது பழைய கொள்ளிடத்தின் மேல் ஒரு தரைப்பாலம். கீழணையில் தண்ணீரை அதிகம் திறந்துவிட்டால் பாலம் முழுகிவிடும். மற்றவர்களுக்கு அது பழகிப்போன தொல்லை. அரிசி பருப்பை வாங்கி வைத்துக்கொண்டு, மாட்டை மேட்டில் கட்டிவிட்டு, தண்ணீர் வடியும் வரை உட்கார்ந்திருப்பார்கள். அருள்மொழியின் கணவன் மணவாளனால் உட்கார்ந்திருக்க முடியாது. இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், சிதம்பரத்துக்குப் போய் மெஷினில் படுத்து எழுந்தால்தான் அடுத்த சில நாட்களுக்கு மூச்சு.

போன ஆடியில் பாலம் முழுகி இரண்டு முறை மெஷின் தவறிப்போனது. மீட்புப் படகு வந்து சேர்வதற்குள் மணவாளனுக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினான். வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காய்ந்த தரையில், அவள் கண் முன்னால், ஒரு மனிதன் முழுகிக்கொண்டிருந்தான். அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், முடிந்துவிட்டால் தேவலை என்று ஒரு நினைப்பு வந்தது. அவனுக்காக வந்த நினைப்பா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவள் இன்றுவரை துணியவில்லை.

ஆடி, ஐப்பசி மாதங்களில் சிதம்பரத்திலேயே ஒரு வாடகை வீடு பிடித்து இருந்துவிடலாம் என்று அப்புறம் அலைந்தார்கள். வீடு கிடைக்காமல் இல்லை. போகிற இடத்தில் எல்லாம் மணவாளனே முந்திக்கொண்டு, "நான் டயாலிசிஸ் ஆளுங்க. சொல்லிட்டுத்தான் வரணும்" என்பான். அதோடு முடிந்தது. ஒரு வீட்டில் பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் உறவுக்காரர் குடிவருகிறார் என்றார்கள். ஒரு அம்மா மட்டும் உள்ளதைச் சொன்னாள். "தப்பா நெனச்சிக்காதம்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா, அப்புறம் அந்த வீட்டுக்கு வேற ஆளு வரமாட்டாங்க."

பழனிவேலும் கூப்பிட்டான். "மாமா, நம்ம வூட்டுக்கு வந்துடுங்க" என்றான். மச்சான் வீட்டுத் திண்டாட்டம் தனக்கு வேண்டாம் என்று மணவாளன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான். தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்திருந்த அருள்மொழியும் வற்புறுத்தவில்லை. மகள் சுவேதா சென்னையில் ஒரு ஹாஸ்டல் அறையில் நாலு பெண்களோடு இருக்கிறாள். எல்லா வாசலும் சாத்திய பிறகுதான் படகு என்ற நினைப்பே வந்தது.

மினி லாரியில் படகு வந்து இறங்கியபோது ஊரே கூடிவிட்டது. "மணவாளன் கடலுக்குப் போறாருப்பா!" "சுறா புடிச்சா எங்களுக்கும் ஒரு துண்டு!" என்று கத்தினார்கள். மோட்டார் கொட்டகை ஓரமாக இரண்டு பனந்துண்டுகளைப் போட்டு, முன்பக்கம் ஒன்றிலும் பின்பக்கம் ஒன்றிலுமாகப் படகைத் தூக்கி வைத்தார்கள். கிள்ளையிலிருந்து சேரன் என்று ஒரு பையன், ஃபைபர் வேலை செய்பவன், வியாழக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவன் சொல்வதைக் கேட்டுத்தான் படகை வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

புதன்கிழமை காலை மணவாளன் வீட்டைவிட்டுத் தானாக எழுந்து வந்தான். மெஷினுக்குப் போகிற நாட்களைத் தவிர அவன் வாசலைத் தாண்டிப் பல மாதமாகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படகைச் சுற்றி நடந்தான். குனிந்தான். தட்டினான்.

"அந்தப் பையன் வந்து இன்னா சொல்லுவான்? ரிப்பேர் பண்றவன் ரிப்பேர் இருக்குதுன்னுதான் சொல்லுவான். நாம பாப்பம் அருளு."

"நமக்கு இன்னாங்க தெரியும்?"

"மாட்டுக்குத் தொட்டி கட்டுனா எப்பிடிப் பாக்கறம்? ரொம்பத் தண்ணி கட்டி, ஒரு நாளு உட்டுப் பாக்கறம். எங்க கசியுதோ அங்க பூசறம். இதுவும் ஒரு தொட்டிதான? மோட்டாரப் போடு."

அவன் குரலில் பழைய அதட்டல் இருந்தது. நாற்று நடும்போது ஆட்களை விரட்டுவானே, அந்த அதட்டல். அது திரும்பக் கேட்ட சந்தோஷத்தில் அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டாள்.

போர்வெல் குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து படகுக்குள் விழுந்தது. மீன் செதிலும் மணலும் முதலில் கலங்கி மிதந்தன. மணவாளன் அவற்றைக் கையால் அரித்து வெளியே போட்டான். தண்ணீர் ஏற ஏறத் தெளிந்தது. நீல அடியில் வெயில் விழுந்து, தண்ணீரே நீலமாகிவிட்டது. அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்தான் கணக்கு. கஞ்சி, டீ எல்லாம் அதில் சேர்த்தி. தாகம் தாங்காத நாட்களில் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பான். அப்படிப்பட்டவன் இப்போது விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, மெதுவாக அளைந்துகொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்ததைப் பார்த்து, மோட்டாரை நிறுத்தலாமா என்று கேட்க அருள்மொழிக்கு வாய் வரவில்லை.

"பாத்தியா? ஒரு சொட்டு ஒழுவல" என்றான்.

உண்மைதான். கீழே மண் காய்ந்தே கிடந்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, படகின் வயிறு இரண்டு பனந்துண்டுகளுக்கும் நடுவே லேசாகத் தொங்குவது போலத் தெரிந்தது. கண் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பச்சை மூங்கிலைப் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து இன்னொன்று. படகின் நடு அடியில் குறுக்காக வாய் பிளந்து, அத்தனை தண்ணீரும் அவர்கள் காலை அடித்துக்கொண்டு முல்லைப் பாத்திக்குள் ஓடியது. மணவாளன் தடுமாறி உட்கார்ந்துவிட்டான். கையில் இன்னும் ஒரு கை தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விரல் இடுக்கில் அது வடிந்து முடிந்தது.

"இன்னாடி ஆச்சி?" என்று அவன் கேட்ட குரலில் அதட்டல் இல்லை.

அவளுக்குள் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி அந்த நொடியில் பெருமூச்சு விட்டாள். அருள்மொழிக்கு அது நன்றாகக் கேட்டது. அப்பாடா என்பது போன்ற ஒரு மூச்சு. அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடலாம் போலிருந்தது. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உடைந்த படகின் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

மறுநாள் சேரன் வந்து பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டான்.

"யாரு இந்த ஐடியா குடுத்தது?"

"நான்தான்" என்றான் மணவாளன், கட்டிலில் உட்கார்ந்தபடி.

"அண்ணா, படகு வெளியேருந்து வர்ற தண்ணியத் தாங்கும். உள்ள ரொப்புனா எப்பிடித் தாங்கும்? ஆத்துல கெடந்தா கீழ இருக்கற தண்ணி தாங்கிக்கும். இங்க தாங்கறதுக்கு இன்னா இருக்குது? ரெண்டு பனமரத் துண்டு."

"என்னப் பத்தியா சொல்ற தம்பி?" என்று மணவாளன் சிரித்தான். சேரனுக்குப் புரியவில்லை. அருள்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை.

சேரன் படகுக்கு அடியில் படுத்து, ஸ்பேனரால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே போனான். சில இடங்களில் டக் டக் என்றது. சில இடங்களில் ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி தொப்பென்றது. பிளந்த இடத்தில் விரலை விட்டு, உள்ளேயிருந்து கறுப்பாக எதையோ நோண்டி எடுத்துக் காட்டினான். மரம். பிழிந்தால் தண்ணீர் வந்தது.

"உள்ள கட்டை வச்சி அதுக்கு மேலதான் ஃபைபர் ஒட்டியிருப்பாங்க. இது எப்பவோ ஊறிப் போச்சி. நேத்து நீங்க ஊத்துனது மட்டும் இல்ல, பழைய உப்புத் தண்ணியும் இருக்குது. வித்தவரு ஒட்டு மேல பெயின்ட்ட அடிச்சி உங்க தலயில கட்டிட்டாரு."

"தேறுமா, தேறாதா? அதச் சொல்லு."

"தேறும்க்கா. அடிய அறுத்துட்டு, கட்டைய எடுத்துட்டு, நல்லா காய வச்சி, புதுக் கட்டை போட்டு ஒட்டுனா இன்னும் பத்து வருஷம் ஓடும். ஆனா காயணும். மேகம் வேற போடுது. ஒரு மாசம் ஆவும்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் தெருவில் ஆட்டோ மைக் வந்துவிட்டது. மேட்டூர் நிரம்பிவிட்டது, உபரி நீர் திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். அந்தக் குரல் முல்லைத் தோட்டத்தைத் தாண்டிப் போய், திரும்பியும் வந்தது.

"மேலாப்புல ஒட்டிக் குடுத்துடு தம்பி" என்றாள் அருள்மொழி.

"ஈரத்து மேல புடிக்காதுக்கா."

"இன்னிக்கி ஒட்டுனா இன்னிக்கிப் புடிக்கும்ல? ஒரு தடவ போயிட்டு வந்தாப் போதும். ஒரே ஒரு தடவ."

"நடு ஆத்துல உரிஞ்சிக்கினு வந்துடும். மீன் புடிக்கற பசங்கன்னா நீந்திக்குவாங்க. ஒடம்பு முடியாத மனுசன ஏத்தறதுக்கு நான் ஒட்டித் தரமாட்டேன்."

"சுத்தி வரக் காலிக் கேனக் கட்டிக்கறோம். எம்மேல பழி, உம்மேல இல்ல. எழுதிக் குடுக்கட்டா?" அவள் அவனுடைய பையைப் பிடித்துக்கொண்டாள். பையன் இழுத்தான். விடவில்லை. ஃபைபர் ஒட்டுகிற ரெசின் டப்பாவும் பிரஷும் அதற்குள் இடித்துக்கொண்டன. அவள் வயதென்ன, அவன் வயதென்ன என்பதெல்லாம் மறந்துபோய், "ஒன்ன கும்பிடறன்டா தம்பி, கும்பிடறன்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அருளு, உடு அவன" என்று மணவாளன் சொன்ன பிறகுதான் கை தளர்ந்தது. சேரன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்து, "மழை முடிஞ்சி கூப்புடுங்கக்கா, வந்து செஞ்சி தர்றேன்" என்றான்.

அவன் போன பிறகு அவள் படகுக்குள் ஏறி உட்கார்ந்தாள். வாங்கியதிலிருந்து அதற்குள் அவள் கால் வைத்ததில்லை. பிளவின் வழியாகக் கீழே மண் தெரிந்தது. மழை முடிந்து என்றானே, அது வரைக்கும் இருக்க வேண்டியது படகா, மனுஷனா? படகை அறுக்கலாம், காய வைக்கலாம், ஒட்டலாம். எல்லாம் நடக்கும். அது வேண்டாத நாளில் நடக்கும். நல்ல படகா கெட்ட படகா என்பதே கேள்வியில்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. முதுநகரில் மூன்று முறை சுற்றி வந்தபோதும் அவள் படகைப் பார்க்கவில்லை. எங்கேயும் போகாமல், யாரிடமும் பொய் சொல்லாமல், இதே ஊரில் இருந்துவிட ஒரு வழி இருக்கிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வழி இதோ, பிளந்து கிடக்கிறது. இறங்கி வீட்டுக்கு வந்தாள்.

பெட்டியிலிருந்து மணவாளனின் முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்தாள். அவனுடைய இடது முன்கையில், மெஷின் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து விட்ட நரம்பு, தாம்புக் கயிறு கணக்காய்ப் புடைத்து நின்றது. தொட்டால் உள்ளே ரத்தம் உறுமுவது கையில் தெரியும். அதன் மேல் சட்டையை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டாள்.

"எதுக்குடி இது?"

"பாலம் முழுவறதுக்குள்ள போயிடலாம். சிதம்பரத்துல ஓமக்குளம் பக்கம் ஒரு வீடு இருக்குதுன்னு நம்ம முல்ல வாங்கற பூக்கடைக்காரர் சொன்னாரு. அங்க நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கறேன்."

"படகு?"

"அது வேணாங்க. கெடக்கட்டும்."

"பொய் சொல்லி ஒரு வூட்டுக்குள்ள போயி குந்தணுமா? நாளைக்கி அங்க நான் செத்து வச்சா, அந்தக் குடும்பம் இன்னா பாவம் பண்ணுச்சி?"

"செத்துப் போவ மாட்டீங்க."

"போனா?"

"போனா நான் அவுங்க கால்ல உழுவறேன். அது என் பாடு. இப்ப எழுந்திரிங்க." சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது. "போன தடவ மாதிரி இன்னொரு தடவ என்னால பாத்துக்கினு குந்தியிருக்க முடியாதுங்க. இன்னொரு தடவ ஆச்சின்னா நான் இன்னா நெனப்பன்னு எனக்கே தெரியாது. புரியுதா உங்களுக்கு?"

மணவாளன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். போன ஆடியில் அவள் நினைத்ததை அவன் அன்றைக்கே அறிந்திருந்தான் என்று அந்தப் பார்வையிலிருந்து அவளுக்குத் தோன்றியது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஆட்டோவில் போனார்கள். தரைப்பாலத்தின் அடியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டிருந்தது.

ஓமக்குளத்து வீட்டுக்காரம்மா நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள். உட்காரச் சொன்னாள். அறையைத் திறந்து காட்டினாள். ஜன்னலும் காற்றுமாக இருந்தது. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"சொந்த வூடு இருக்குதுன்றீங்க, கொல்லை இருக்குதுன்றீங்க. அப்புறம் எதுக்கு இங்க வந்து வாடகைக்கு?"

ஆட்டோவில் வரும்போது அருள்மொழி இதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். மகள், காலேஜ், ஏதோ ஒன்று. இப்போது நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரம்மாவின் கண் மணவாளனின் வீங்கிய கணுக்காலுக்குப் போனது. அங்கேயே நின்றது.

மணவாளன் வாயைத் திறந்தான். நான் டயாலிசிஸ் ஆளுங்க என்று சொல்லப் போகிறான். எழுந்து போவதற்கு அருள்மொழியின் கை பையைத் தேடியது.

"வெள்ளம் வந்தா எங்க ஊரு தனியா நின்னுடும்மா" என்றான் அவன். "அதுக்குன்னு ஒரு படகு வாங்கியிருக்கோம். ஃபைபர் படகு. கடலூர்லேருந்து. அடியில கொஞ்சம் வேல இருக்குது. அது முடியற வரைக்கும் இங்க இருக்கலாம்னு."

"படகா?" அந்த அம்மா சிரித்துவிட்டாள். "விவசாயம் பண்றவரு படகு ஓட்டுவீங்களா?"

"கத்துக்கறதுதான். பின்னாடி ஒரு சின்ன எஞ்சின் போட்டா பழைய கொள்ளிடத்த அஞ்சு நிமிசத்துல தாண்டிப்புடலாம். இவள முன்னாடி குந்த வச்சிப்பேன். பாரம் சரியா இருக்கணும்ல, அதுக்கு." இடது கையை மடியில் வைத்து, வலது கையால் மூடியிருந்தான். குரல் நடுங்கவில்லை. கண் அந்த அம்மாவைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்ப முடியுமாம்?"

"காயணும்மா. உள்ள இருக்கற ஈரம் முழுக்கக் காஞ்சாத்தான் ஒட்ட முடியும்னு சொல்லியிருக்கறான் அந்தப் பையன். அவசரப்பட முடியாது."

அவன் அவளுக்காகப் பொய் சொல்கிறானா, அல்லது படகை வைத்துக்கொள்வது என்று அவனாகவே முடிவு செய்துவிட்டானா என்று அருள்மொழிக்கு விளங்கவில்லை. கேட்கவும் முடியாது. வீட்டுக்காரம்மா சாவியை எடுக்க உள்ளே போனாள். அருள்மொழி அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. விடிந்ததும் இங்கிருந்து மெஷினுக்கு நடந்தே போய்விடலாம்.